லாரி கிளம்பும் முன்

“குலை வெட்டுகிற எனக்கு, இன்று என் பேரில் எத்தனை குலை ஏறியிருக்கிறது என்று லாரி கிளம்பும் முன் தெரிய வேண்டும். அப்போதுதான் கணக்கில் பிசகு இருந்தால் மண்டோரிடம் அங்கேயே கேட்க முடியும்.”

கார்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான் (மண்டோர் என்பவர் தோட்டத்து மேற்பார்வையாளர்). செம்பனைத் தோட்டத்துக்கு ஒரு கைத்தொலைபேசிச் செயலி செய்யப் போகிறவர்கள், அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு இது. மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்யும் அஜைல் முறையில் வேலை செய்கிறவர்கள் இதை யூசர் ஸ்டோரி என்பார்கள். லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என்று மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் எந்தத் தோட்டத்துப் பாதையில் நின்று எழுதினாலும் ஏறக்குறைய இப்படித்தான் வரும். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதினால் வேறு மாதிரி வரும்: “தினசரி அறுவடை அறிக்கை வழங்கப்பட வேண்டும்.”

இரண்டும் ஒன்றைத்தான் கேட்கின்றன என்று தோன்றும். இரண்டாவதை வைத்துக்கொண்டு ஒரு செயலியைச் செய்து முடித்துப் பணமும் வாங்கிவிடலாம். தோட்டத்தில் அதை யாரும் தொடமாட்டார்கள். முதல் கார்டில் அப்படி என்ன இருக்கிறது என்று சொல்லுக்குச் சொல் பார்க்க ஆசை. பழைய உரையாசிரியர்கள் ஒரு செய்யுளுக்குக் கொடுத்த பொறுமையில் கால்வாசியை ஒரு நல்ல ரிக்வைர்மென்டுக்கும் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

முதலில் ‘ஏறியிருக்கிறது’. எத்தனை வெட்டினேன் என்று கார்டு கேட்கவில்லை. வெட்டியவருக்கு அது தெரியும். காலையிலிருந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர், தன் குலையைத் தானே எண்ணிவைத்திருப்பார். அவருக்குத் தெரியாதது, தான் வெட்டியதில் எவ்வளவு புத்தகத்தில் ஏறியது என்பது. இரண்டு கணக்குக்கும் இடையில்தான் சம்பளம் நழுவும். இந்த ஒரு வினைச்சொல், செயலி எந்தத் தகவலைக் காட்ட வேண்டும் என்பதோடு, யாருடைய சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

அடுத்தது ‘என் பேரில்’. வெட்டிய குலைகளைத் தள்ளுவண்டியில் வைத்துப் பாதையோரத் தளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எண்ணுவதற்கு வசதியாக ஐந்தைந்தாகவோ பத்துப் பத்தாகவோ வரிசை பிடித்து, காம்பு தெரியும்படி அடுக்குகிறார்கள். வெட்டிய காம்பின் முகத்தில் அவரவர் எண்ணை எழுதுவது வழக்கம். ஈரமான, நார் பிசிறிய, உள்ளங்கை அகலமுள்ள அந்தப் பரப்புதான் அந்தக் குலைக்கும் அந்த மனிதருக்கும் உள்ள ஒரே சட்டத் தொடர்பு. கணினிக்காரர் ‘தொழிலாளர் அடையாள எண்’ என்று ஒரு கட்டம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த எண் தோட்டத்தில் எங்கே வாழ்கிறது, எதனால் அழியும் என்று பார்த்தவருக்குத்தான் அடுத்த நாலு கார்டு கிடைக்கும்.

பிறகு ‘லாரி கிளம்பும் முன்’. இந்தக் கார்டின் உயிர் இங்கே இருக்கிறது. கடிகார மணி எதுவும் இல்லை. மாலை ஐந்து என்று எழுதியிருந்தால் தவறு. ‘உடனுக்குடன்’ என்று எழுதியிருந்தால் அதைவிடத் தவறு. தளத்தில் குலைகள் வரிசையாகக் கிடக்கும் வரைதான் சாட்சி இருக்கிறது. லாரியோ டிராக்டரோ வந்து அள்ளிப் போட்டுவிட்டால் என் குலை, அடுத்தவன் குலை எல்லாம் ஒரே குவியல். லாரியும் காத்திருக்காது. வெட்டிய குலையில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும் என்பதால் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பதுதான் முறை. ஆகவே காலக்கெடுவை வைத்தது மேலாளர் இல்லை, பழம். ஒரு தேவைக்குள் இருக்கும் நேரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்ப்பது இந்தத் தொழிலின் நுட்பங்களில் முக்கியமானது. மனிதர் வைத்த நேரத்தைப் பேசி மாற்றலாம். பழத்தோடு பேச முடியாது.

‘அங்கேயே’ என்பதைச் சிலர் அடித்துவிடச் சொல்வார்கள்: “லாரி கிளம்பும் முன் என்று சொன்ன பிறகு இது எதற்கு?” நான் அடிக்க விடமாட்டேன். தோட்டத்தில் ஆபீஸ் என்பது தூரத்தில் மட்டும் இல்லை, உயரத்திலும் இருக்கிறது. கணக்கெழுதும் கிராணியின் மேசை, அதற்கப்பால் துணை மேலாளரான சின்ன துரை, அதற்கும் அப்பால் மேலாளரான துரை. மூன்று குலைக்காக அந்தப் படியேற யாருக்கும் மனம் வராது. விட்டுத்தொலைப்பார்கள். ஒவ்வொரு நாளும் விட்டுத்தொலைத்தது மாதக் கடைசியில் முணுமுணுப்பாக வரும். தளத்தில் நிற்கும் மண்டோரிடம் கேட்பது வேறு. இரண்டு பேர் கண்ணுக்கும் முன்னால் குலை கிடக்கிறது. திரும்ப எண்ணினால் முடிந்தது.

அந்த ‘மண்டோரிடம்’ என்ற சொல் சத்தமில்லாமல் ஓர் அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறது. கேட்டால் திருத்தத் தெரிந்தவரிடம்தானே கேட்க முடியும்? அப்படியென்றால் ஏற்றிய கணக்கைத் தளத்திலேயே திருத்த மண்டோருக்குச் செயலி வழிவிட வேண்டும். திருத்தியது ஆபீசுக்குத் தெரிய வேண்டுமா, பழைய எண்ணும் சேர்ந்து நிற்க வேண்டுமா? இன்னும் இரண்டு கார்டு பிறந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது மிகச் சாதாரணமாகத் தெரிகிற ‘எத்தனை குலை’. குலை வெட்டுக்குக் கூலியைப் பல இடங்களில் டன் கணக்கில் பேசுகிறார்கள். அப்படியானால் ‘எத்தனை டன்’ என்றல்லவா கேட்க வேண்டும்? ஆனால் காட்டில் எந்தக் குலையையும் தனித்தனியாக நிறுப்பதில்லை. லாரியோடு ஆலையின் எடைமேடையில் ஏறிய மொத்த எடையைக் குலைகளின் எண்ணிக்கையால் வகுத்து, அந்தக் காட்டின், அதாவது அந்த நடவுப் பகுதியின், சராசரிக் குலை எடை கணக்கிடப்படுகிறது. ஒருவர் வெட்டிய குலைகளை அந்தச் சராசரியால் பெருக்கினால் அவருடைய டன். சராசரி 18 கிலோ என்று வைத்துக்கொண்டால், 120 குலை வெட்டியவருக்கு 2,160 கிலோ. இந்தச் சராசரி தளத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. சில சமயம் அன்றைக்கு யாருக்குமே தெரியாது. லாரி கிளம்பும் முன் உண்மையாகச் சொல்லக்கூடிய ஒரே எண், குலையின் எண்ணிக்கை. கார்டு அதை மட்டும் கேட்கிறது. ‘இன்றைய சம்பளம் எவ்வளவு’ என்று காட்டுவது கவர்ச்சியாக இருக்கும். முதலாளிக்கு முன்னால் செய்து காட்டும்போது கைதட்டலும் கிடைக்கும். ஆனால் மாதக் கடைசியில் அந்தத் தொகை மாறும். ஒருமுறை மாறினால் அப்புறம் அந்தத் திரையை எவரும் நம்பமாட்டார்கள்.

கார்டைத் திருப்பினால் பின்பக்கம். ‘இது முடிந்தது என்று எதைப் பார்த்துச் சொல்வோம்’ என்பதை அங்கே எழுதுவது பழக்கம். பெரும்பாலான மென்பொருள் ஆவணங்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். “வேகமாக இயங்க வேண்டும்”, “பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்” என்ற வகை வாக்கியங்களை எப்போது பார்த்தாலும் எனக்குச் செம்பனைக் குலையின் நினைவு வரும். ‘பழுத்த குலை’ என்றால் என்ன? வெட்டியவர் பழுத்தது என்பார்; ஆலைக்காரர் காய் என்பார். இந்தச் சண்டையை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரம்பிரிப்புக் கையேடு தீர்த்துவைத்த விதம் அழகானது. குலையிலிருந்து பழம் உதிர்ந்தால் அது இருந்த இடத்தில் ஒரு குழி நிற்கும். அப்படிப் புதிதாக உதிர்ந்த குழிகள் குறைந்தது பத்து இருக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பழங்கள் குலையிலேயே ஒட்டியிருக்க வேண்டும். ஆலையில் சோதிக்கும் நேரத்தில் இப்படி இருந்தால் அது பழுத்த குலை. காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் நீளக்காம்பு.

விரலால் தொட்டு எண்ணிவிடலாம். ஒருவரை ஒருவர் பிடிக்காத இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினாலும் ஒரே விடை வரும். நிறத்தையோ பதத்தையோ அனுபவத்தையோ மட்டும் நம்பி நிற்காத சோதனை. இதிலும் நான் ரசிப்பது ‘ஆலையில் சோதிக்கும் நேரத்தில்’ என்ற துண்டை. மரத்திலிருந்து விழும்போது கொஞ்சம் உதிரும்; வண்டியில் குலுங்கும்போது இன்னும் உதிரும். காட்டில் மூன்று குழியோடு கிளம்பிய குலை ஆலையில் பன்னிரண்டு குழியோடு இறங்கலாம். எங்கே, எப்போது எண்ணுவது என்று சொல்லாவிட்டால் பத்து என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. இந்த வரியை எழுதியவர்கள் அஜைல் பாடம் எதுவும் படித்திருக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பாடம் நடத்துகிறவர்கள் இந்த வரியைப் படிக்கலாம்.

யூசர் ஸ்டோரி எங்கே பிறந்தது என்று பார்த்தால், இவ்வளவு நேரம் சம்பளக் கணக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது தற்செயல் இல்லை என்று தெரியும். அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனத்தில், 87,000 ஊழியர்களுக்குச் சம்பளம் போட ஒரே மென்பொருள் செய்யக் கிளம்பி, திணறிக்கொண்டிருந்தார்கள். சி3 என்பது அந்தத் திட்டத்தின் சுருக்கப் பெயர். 1996இல் கென்ட் பெக் அங்கே அழைக்கப்பட்டார். தடித்த ஆவணங்களுக்குப் பதிலாகச் சிறு அட்டைகளில் ஒவ்வொரு தேவையையும் பயனாளரின் வாய்மொழியாக எழுதும் பழக்கம் அங்கே உருப்பெற்றது. 1997இல் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போட்டது அந்த மென்பொருள். மீதிப் பேரை அது எட்டவே இல்லை. 2000இல் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். முழு வெற்றி இல்லை. ஆனால் எந்த வேலையில் ஒவ்வொரு விதிவிலக்கும் ஒரு மனிதரின் மாதச் செலவோ, அந்த வேலையில்தான் இந்த அட்டை தேவைப்பட்டிருக்கிறது என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. அடுத்த ஆண்டு, 2001 பிப்ரவரியில், யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை வெளியிட்டார்கள்.

சி3இல் வேலை பார்த்த ரான் ஜெஃப்ரீஸ் அதே 2001இல் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். யூசர் ஸ்டோரி என்பது மூன்று பகுதி: அட்டை, உரையாடல், உறுதிப்பாடு. அட்டை வெறும் ஞாபகச் சீட்டு. தேவை முழுதாக இருப்பது உரையாடலில். அது நிறைவேறியது என்று தெரிவது சோதனையில். லண்டனில் கொனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் அதே காலத்தில் ‘இன்னாராகிய எனக்கு, இன்னது வேண்டும், இன்ன பயனுக்காக’ என்ற வாய்பாடு புழக்கத்துக்கு வந்தது. நல்ல வாய்பாடுதான். இருபது வருஷத்தில் அது படிவமாகிவிட்டது. “பயனராகிய எனக்கு, ஏற்றுமதிப் பொத்தான் வேண்டும், ஏற்றுமதி செய்வதற்காக” என்று எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பயனர் யார்? மண்டோரா, கிராணியா, ஆலையின் எடைமேடையில் இருப்பவரா? யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் யாருமில்லை என்றுதான் அர்த்தம்.

உரையாடலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தோட்டத்துக்கு வந்து, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் கிடைக்கிற பதில், “எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்.” மரியாதைக்குச் சொல்வது. கார்ப்பரேட் சட்டையைப் பார்த்துச் சொல்வது. விஷயம் தெரிந்தவர் வேறு மாதிரி ஆரம்பிப்பார். தளத்தில், எண்ணி முடித்த கையோடு, மண்டோரிடம், நடந்ததைப் பற்றி.

“அண்ணே, நேத்து கணக்குல எங்கயாச்சும் இழுபறி ஆச்சா?”

“இழுபறியெல்லாம் இல்ல தம்பி. மழை பேஞ்சதுல ஒரு காம்புல நம்பர் அழிஞ்சு போச்சு. அவன் என்னுதுங்கறான், இவன் என்னுதுங்கறான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஆளுக்குப் பாதியா போட்டு வுட்டேன்.”

ஆளுக்குப் பாதி! கணினிக்காரர் குலை எண்ணிக்கைக்கு முழு எண் மட்டும் ஏற்கும் கட்டத்தைப் போட்டிருப்பார். குலையில் எப்படி அரை இருக்க முடியும்? மரத்தில் இருக்காது, கணக்கில் இருக்கும். காகிதத்தில் இத்தனை காலம் மண்டோர் ஓரமாக ஒரு அரைக் கோடு கிழித்துத் தீர்த்த வழக்கை, செயலி ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பில் திருப்பி அனுப்பும். மண்டோருக்கு வேறு வழியில்லை. யாரோ ஒருவருக்கு முழுக் குலையைக் கொடுப்பார். நியாயமாக இருந்த ஒரு மனிதரை மென்பொருள் அநியாயம் செய்ய வைத்துவிடும்.

இந்த அரைக் குலை எந்த ஆவணத்திலும் இருக்காது. ‘உங்கள் தற்போதைய நடைமுறையை விவரிக்கவும்’ என்று படிவம் கொடுத்தாலும் வராது, ஏனென்றால் மண்டோருக்கு அது நடைமுறை இல்லை. நேற்று நடந்த ஒரு சின்ன விஷயம். நேற்று என்று கேட்டால்தான் வரும். டான் நார்த் என்ற மென்பொருளாளர் பிரபலமாக்கிய ஒரு எழுத்துமுறை இதற்கு நன்றாக ஒத்துவருகிறது: இப்படி இருந்த நிலையில், இப்படி நடந்தால், இப்படி ஆக வேண்டும். “தளத்தில் ஒரு குலையின் காம்பில் எண் அழிந்திருக்கையில், இரண்டு பேர் உரிமை கேட்டால், மண்டோர் இருவர் பேரிலும் அரை அரையாக ஏற்ற முடிய வேண்டும், தளத்தின் மொத்தம் மாறக் கூடாது.” கடைசித் துண்டைக் கவனியுங்கள். அரையும் அரையும் சேர்ந்து ஒன்றாக நிற்காவிட்டால் ஆலைக் கணக்கோடு மோதும். சராசரி எடை பிசகும். அந்தக் காட்டில் வெட்டிய அத்தனை பேரின் டன்னும் பிசகும். அழிந்துபோன ஒரு பென்சில் கோடு எங்கெல்லாம் போய் நிற்கிறது!

அஜைல் கூட்டங்களில் காலைப் பெரட்டையும் ஸ்கிரம் முறையின் தினசரிக் கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பேசுவது நம்மவர்களுக்கு இனிக்கிற விஷயம். இருட்டு பிரியுமுன் ஆட்கள் வந்து நிற்பார்கள், பேர் கூப்பிடுவார்கள், அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்படும். “பார்த்தீர்களா, நம்மிடம் அப்போதே இருந்தது” என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. பெரட்டில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். ஸ்கிரம் கூட்டத்தில் வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்ள வேண்டும். பால் மரம் என்கிற ரப்பர் மரக் காலத்திலிருந்து பெரட்டு கட்டளைக்கான இடம்; குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் வாக்குவாதத்துக்கு அங்கே நேரமும் இருந்ததில்லை. தோட்டத்தில் இருவழிப் பேச்சு நடந்த இடத்தைத் தேடினால், அது வேலை முடிந்த பிறகு பாலை நிறுக்கிற இடம். இன்றைக்குக் குலையை எண்ணுகிற தளம். நிறுவையும் எண்ணிக்கையும் நடக்கிற இடத்தில்தான் மனிதர்கள் வாய் திறக்கிறார்கள்.

ஆனால் பெரட்டு வேறு ஒன்றுக்குப் பயன்படுகிறது. ஜெஃப் பேட்டன் என்பவர் ‘ஸ்டோரி மேப்’ என்ற ஏற்பாட்டைப் பரப்பினார். தேவைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக நீளப் பட்டியல் போடாமல், ஒரு நாளின் போக்கில் இடமிருந்து வலமாக விரிப்பது. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே அதன் நுணுக்கங்களைத் தொங்கவிடுவது. செம்பனைத் தோட்டத்தில் இந்த வரைபடம் தானாகவே வரைந்துகொள்ளும்: பெரட்டு, காடு, தளம், லாரி, எடைமேடை, சம்பளச் சீட்டு. தோட்டத்தில் வளர்ந்த எந்தக் குழந்தையும் இந்த ஆறையும் வரிசையாகச் சொல்லும். பட்டியலாக எழுதினால் பெரட்டுக்கு மட்டும் நாற்பது அம்சம் சேர்ந்து, முதல் ஆறு மாதம் பெரட்டிலேயே போய்விடும். வரைபடத்தில் வைத்தால், ஒரு மண்டோர், ஒரு காடு, ஒரு வெட்டுக்காரர் என்று ஆறு கட்டத்தையும் மெல்லிய இழையாக ஒருமுறை கடந்துவிட வேண்டும் என்ற எண்ணம் வரும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் ஒரே ஒருவருடைய ஒரு நாள் கணக்கு சம்பளச் சீட்டு வரை போய்ச் சேரட்டும். அசிங்கமாக இருக்கலாம். ஆனால் எந்த இரண்டு கட்டத்துக்கு நடுவே பாலம் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

‘காடு’ என்ற கட்டத்தின்கீழ் தொங்கும் ஒரு கார்டை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். ஆபீஸ் வரைபடத்தில் காடுகளுக்கு நடவு ஆண்டுதான் பெயராக இருக்கும்: 2009ஏ, 2009பி என்று. ஆட்கள் அப்படிச் சொல்வதில்லை. முனியாண்டி கோயில் மேடு, பழைய லயத்துப் பக்கம், குட்டையோரம் என்பார்கள். பெரட்டில் மண்டோர் வாயில் வருவதும் அதுதான். சுமார் 25 ஆண்டில் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்ததும் ஆபீஸ் பெயர் மாறிவிடும். மேட்டின் பெயர் மாறாது. அந்த மேட்டில் விளைச்சல் எப்படி என்று முப்பது வருஷத்துக்குப் பார்க்க வேண்டுமானால் எந்தப் பெயரை நம்புவது? பெயர் எவ்வளவு உறுதியானது என்பதை லாபுவில் பார்க்கலாம்: லாபு தோட்டம் நான்காம் பிரிவு தமிழ்ப்பள்ளி என்று ஒரு பள்ளிக்கூடமே தோட்டத்தின் பிரிவு எண்ணைத் தன் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது. கார்டு சிறியது: “மண்டோருக்கு, காட்டின் பெயர் அவர் பெரட்டில் சொல்லும் பெயராகத் திரையில் தெரிய வேண்டும்.” ஆபீஸ் எண் உள்ளே இருந்துவிட்டுப் போகட்டும்.

வெட்டுக்காரர்களில் பலர் இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குக் காட்டும் திரையில் எழுத்து அநேகமாக வேண்டாம். அவருடைய எண், குலையின் எண்ணிக்கை, இரண்டும் பெரிய இலக்கத்தில். வெயிலில் தெரிய வேண்டும், ஈரக் கையுறையோடு தொட்டால் கேட்க வேண்டும், மேட்டுக்குப் பின்னால் சிக்னல் இல்லாவிட்டாலும் எண் நிற்க வேண்டும். இவற்றை ஆவணங்களில் கடைசிப் பக்கத்தில் ஒதுக்கிவைப்பார்கள். தோட்டத்தில் இவைதான் முதல் பக்கம்.

தேவை சேகரிக்கப் போகிறவர் யாரிடமும் பேசும் முன் படிக்க வேண்டிய ஒரு வகை ஆவணம் இருக்கிறது: கூட்டு ஒப்பந்தம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியவர் பி.பி. நாராயணன். 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் தலைமையில் நின்றார். 1962இல் மக்சேசே விருது பெற்றார். அந்தச் சங்கமும் தோட்ட முதலாளிகளின் அமைப்பும் உட்கார்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு தரப்பு வாதாடியிருக்கும். அர்த்தம் மங்கலாக இருந்தால் யாருக்காவது பணம் குறையும் என்று தெரிந்து எழுதப்பட்ட வாக்கியங்கள் அவை. விலை ஏறினால் கூலி எப்படி ஏறும் என்பதற்கு அங்கே கணக்கு இருக்கும், வர்ணனை இருக்காது. அழகுணர்ச்சியோடு படிக்க வேண்டிய உரைநடை என்று இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எழுதியதையும் சட்டம் ஒரு நாளில் புரட்டிப் போடும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் தீபகற்ப மலேசியாவில் 2013இல் 900 வெள்ளி (ரிங்கிட்), 2016 ஜூலையில் 1,000, 2019இல் 1,100. இதுவரை ஒரு எண்ணை மாற்றினால் போதும். எந்தத் தேதியிலிருந்து என்று சேர்த்து வைத்தவர் கொஞ்சம் கெட்டிக்காரர். 2020 பிப்ரவரி 1 அன்று வந்த மாற்றம் வேறு ரகம்: மாநகர, நகராண்மைக் கழக எல்லைக்குள் 1,200 வெள்ளி, வெளியே அதே 1,100. சிரம்பான் அந்த ஜனவரியில்தான், நீலாய் நகராண்மைக் கழகத்தையும் சேர்த்துக்கொண்டு, மாநகர் மன்றமாகியிருந்தது. ஆகவே லாபுவில் வெட்டுகிறவருக்கு 1,200. ரெம்பாவ் மாவட்ட மன்றத்தின் கீழ் வெட்டுகிறவருக்கு 1,100. வாரம் ஆறு நாள் வேலைக்கு நாள் கணக்கு பார்த்தால் ஒருவருக்கு 46 வெள்ளி 15 காசு, மற்றவருக்கு 42 வெள்ளி 31 காசு. அதே குலை, அதே அரிவாள். அதுவரை எந்தச் சம்பள மென்பொருளுக்கும் தோட்டம் எந்த ஊராட்சியின் எல்லையில் இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரே இரவில் தேவை ஆகிவிட்டது. ஒரு நிறுவனத்தின் ஆள் ஒருநாள் லாபுவிலும் மறுநாள் ரெம்பாவிலும் வெட்டினால்? கேள்வி கேட்கிற வேலையில் இருப்பவர் இந்த இடத்தில் கொஞ்சம் குஷியாகிவிடுவார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2022 மே 1இல் 1,500 ஆனது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்குத் தள்ளிவைத்தார்கள். 2023 ஜூலையில்தான் அவர்களுக்கும் வந்தது. அதுவரை அவர்களுக்குப் பழைய 1,200, 1,100தான். தோட்டத்தில் சின்னக் காண்டிராக்டர்கள் இருக்கிறார்கள். நாலு ஆள் வைத்திருந்தவருக்கு அப்போது ஊர் எது என்றும் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தாவது ஆளைச் சேர்த்திருந்தால் ஊர் எதுவாக இருந்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது. இடம் கேட்ட கட்டத்துக்குப் பக்கத்தில் தலைக்கணக்கு கேட்கும் கட்டமும் வந்து நின்றது. 2025 பிப்ரவரியில் 1,700, சிறிய முதலாளிகளுக்கு ஆகஸ்டில். இந்தமுறை இடம் பார்க்கவில்லை, தலைக்கணக்கு மட்டும்.

இப்போது அந்த ‘ஊராட்சி எல்லை’ கட்டத்தை என்ன செய்வது? புதிதாகச் சேர்ந்த மென்பொருளாளருக்கு அது குப்பையாகத் தெரியும்; எடுத்துவிடலாமா என்று கேட்பார். இனிச் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பேக்லாக்கில் ‘நீக்கவும்’ என்று ஒரு கார்டு போடுவது எளிது. போடும் முன் கிராணியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 2021 மார்ச் மாதத்துக்குச் சம்பளம் குறைந்துவிட்டது என்று யாராவது பழைய சீட்டோடு வந்தால், திரும்பக் கணக்குப் போட அந்தக் கட்டத்தில் லாபு என்று இருக்கிறதா ரெம்பாவ் என்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.